பூலாங் தேதி

ஒரு நூலகத்தை ஒற்றை ஆளாக ஒழித்துக்கட்டியவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை, சொல்லிக்கொள்ள வேறு சாதனை எதுவும் கைவசம் இல்லாததால் சொல்கிறேன். அதிலும் விசேஷம் என்னவென்றால், அந்த நூலகத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். பத்து வயதில் எனக்கிருந்த மூளையை ஒரு கரண்டியில் வைத்திருந்தால் கரண்டிக்குச் சுமை தெரிந்திருக்காது. ஆனால் தன்னம்பிக்கைக்கு மட்டும் குறைவே இருந்ததில்லை. இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்று என் மனைவி சொல்கிறாள். அவள் கிடக்கிறாள்.

நூலகம் என்றதும் தூண் வைத்த கட்டடத்தையெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு லோரி. முதுகில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் இரண்டு பக்கமும் அலமாரி, வளைவுகளில் புத்தகம் சரிந்து விழாமலிருக்க ஒவ்வொரு தட்டுக்கும் குறுக்கே ஒரு கட்டை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை பிற்பகலில், தானா ராத்தா பட்டணத்திலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு முனகிக்கொண்டே ஏறி வந்து கோயில் முன்னால் நிற்கும். அதை அங்கே வரவழைத்தது சித்தி.

சித்தி அம்மாவுக்குக் கடைசித் தங்கை. தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்றில் எங்களோடுதான் இருந்தாள். தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைப் பொட்டலம் கட்டும் வேலை. ஐந்தாம் படிவத்துப் பள்ளியிறுதித் தேர்வில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டு மலாய் மொழியில் மட்டும் கோட்டைவிட்டவள். அந்த ஒன்று தேறாவிட்டால் மற்றவை தேறியும் பயனில்லை, சான்றிதழே கிடையாது. மறுபடியும் எழுதித் தேறிவிட வேண்டும், டீச்சராகிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி இருந்தது. எழுதுவதற்குப் படிக்க வேண்டும். படிப்பதற்குப் புத்தகம் வேண்டும். எங்கள் லயத்தில் இருந்த அச்சடித்த பொருள்கள் நாள்காட்டியும் உர மூட்டையும்தான்.

ஒருமுறை அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது பேருந்து நிலையத்துப் பக்கத்தில் அந்த லோரி நிற்பதைப் பார்த்திருக்கிறாள். ஐஸ்கிரீம் லோரி என்று நினைத்து ஏறிவிட்டதாகத்தான் எங்களிடம் சொன்னாள். உள்ளே போனால் புத்தகம். ஓட்டுநர் வயதான மலாய்க்காரர். மாமா என்கிற அர்த்தத்தில் நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுவோம். தோட்டத்துப் பக்கமெல்லாம் வர மாட்டீர்களா என்று இவள் தன் உடைந்த மலாயில் கேட்க, அவர் அதைவிட உடைந்த தமிழில், "ஆள் ரம்பா இருந்தா வரலாம்லா. சூராட் எழுது. கையெழுத்து நெறைய வேணும்" என்றிருக்கிறார். சூராட் என்றால் கடிதம்.

கையெழுத்து வாங்க லயம் லயமாகப் போனோம். போனோம் என்றால் சித்தி போனாள், தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணியின் ஆபீஸிலிருந்து இரவல் வாங்கிய ரேகை மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். வழியில் என் சட்டைக்கும் மூக்குக்கும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது.

"இதுல கையெழுத்துப் போட்டா என்னாம்மா குடுப்பாங்க?" என்றார் நான்காவது வீட்டு மாமா.

"புஸ்தகம், மாமா."

"நம்மளுக்கேவா?"

"இல்ல, படிச்சிட்டுத் திருப்பிக் குடுக்கணும்."

"அட போம்மா! திருப்பிக் குடுக்கறதுக்கு எதுக்குலா வாங்கணும்?"

அடுத்த வீட்டு அத்தை பேனாவைக் கையில் பிடித்தபடியே, "எம்பேர்ல எங்கயாச்சும் லோன் கீன் போட்டுறாத, ஆமா" என்றாள். கொழுந்து லோரி ஓட்டுகிற என் அப்பாவோ, "தெனம் லோரியிலதான் கெடக்குறேன். இதுல இன்னொரு லோரிய வேற வரச் சொல்லிக் கையெழுத்துப் போடணுமா?" என்றார். சித்தி அவருடைய தேநீரை எடுத்து மேசையின் அந்தக் கோடிக்கு நகர்த்தினாள். அப்பா கையெழுத்துப் போட்டார்.

பெரிய வெற்றி ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தாதான். எழுத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் மாடு என்றால் உயிர். மாட்டுப் படம் போட்ட புத்தகமும் வருமாமே என்று சித்தி சும்மா காதில் போட்டு வைத்தாள். தாத்தா ரேகையை மூன்று இடத்தில் வைத்தார், போதாதென்றால் இன்னும் வைக்கிறேன் என்றார்.

லோரி வந்தது. முதல்நாள் வேடிக்கை பார்க்க ஏறியவர்கள் இரண்டாம் முறை புத்தகம் எடுக்க ஏறினார்கள். படிக்கட்டில் பாக்சிக் ஈரச் சாக்கு போட்டிருப்பார். "தம்பி, காலு! காலு!" என்று கத்துவார். எங்கள் கால்களிலிருந்த செம்மண்ணைத் துடைத்த பிறகுதான் அனுமதி. உள்ளே ஒரு வாசனை இருக்கும். புதுத் தாள், பழைய தாள், டீசல், பாக்சிக்கின் தைலம் எல்லாம் சேர்ந்த வாசனை. இன்றைக்கும் எங்கேயாவது அந்தத் தைலத்தை யாராவது தடவியிருந்தால் நான் ஒருநிமிடம் அவர்கள் பக்கத்தில் நின்றுவிட்டுத்தான் போவேன். என்னை ஒருமாதிரிப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

கங்காணித் தாத்தா மாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்து, "இந்த மாடு பாலு குடுக்காது, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார். அத்தை சமையல் புத்தகத்தை எடுத்துப் போய், அதில் இருந்த எதையும் சமைக்காமல், எல்லாவற்றையும் குறை சொன்னாள். சித்தி மலாய் இலக்கணப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்குவாள். கைக்குழந்தையைக்கூட யாரும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

இப்போது முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். எல்லா வினையும் அதில்தான்.

ஒவ்வொரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதன் தலையில் ‘தாரிக் பூலாங்’ என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே பாக்சிக் ஒரு தேதியை டப்பென்று குத்திக் கொடுப்பார். பள்ளியில் மலாய்ப் பாடத்தில் எனக்கு நல்ல மதிப்பெண்; அந்தத் திமிர் இருந்தது. தாரிக் என்றால் தேதி. பூலாங் என்றால் வீடு திரும்புவது. கடைசி மணி அடித்ததும் ஆசிரியர் "போலே பூலாங்" என்பார். நாங்கள் வீட்டுக்குப் பறப்போம். ஆகவே தாரிக் பூலாங் என்றால் திரும்பி வரும் தேதி. யார் திரும்பி வரும் தேதி? லோரி திரும்பி வரும் தேதி! புத்தகத்துக்குக் காலா இருக்கிறது, அது திரும்பி வர?

நிரூபணமும் இருந்தது. முத்திரையில் எந்தத் தேதியோ அதே தேதியில் லோரி வந்து கோயில் முன்னால் நின்றது. மழையோ, மண்சரிவோ, ஒருமுறைகூடத் தவறியதில்லை. அந்த முத்திரை குத்திய புத்தகம் எங்கள் லயத்தில் இருப்பதனால்தான் லோரி வருகிறது என்று நான் கண்டுபிடித்தேன். கண்டுபிடிப்பை யாரிடமும் சொல்லவில்லை. பெரிய அறிவாளிகள் அப்படித்தான்.

ஏறக்குறைய ஓராண்டு இப்படிப் போனது. பிறகு ஒரு வியாழக்கிழமை பாக்சிக் சித்தியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். லோரிக்கு மேலிடத்தில் ஒதுக்குகிற பணத்தைக் குறைத்துவிட்டார்கள். சில இடங்களை வெட்டப் போகிறார்கள். அடுத்த முறை மாநிலத் தலைநகர் குவாந்தானிலிருந்து ஒரு அதிகாரி, புவான் என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டிய ஓர் அம்மா, லோரியிலேயே வந்து பார்ப்பார். அன்றைக்கு எல்லாரும் எல்லாப் புத்தகத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும், சரிபார்ப்பார்கள், புதிதாக எதுவும் கொடுக்க மாட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் தோட்டம் பட்டியலில் இருக்குமா இருக்காதா என்று முடிவு.

சித்தி மறுபடியும் வீடு வீடாக ஏறினாள். "ஒன்னுகூடக் கொறையக் கூடாது. முழுசாத் திருப்பிக் குடுத்தாத்தான் நம்ம ஆளுங்க புஸ்தகத்த மதிக்கிறாங்கன்னு அந்தப் புவான் எழுதுவாங்க. அப்பதான் லோரி வரும்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். தேர்வுக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. அவள் குரல் கம்மிப் போயிருந்தது.

நான் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாவம் சித்தி, விஷயம் தெரியாமல் பேசுகிறாளே! எல்லாப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு, புதிதாகவும் வாங்காவிட்டால், பூலாங் முத்திரை குத்திய ஒரு தாள்கூட லயத்தில் மிஞ்சாதே. அப்புறம் லோரி எதற்குத் திரும்பி வரும்?

புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும் ஓர் உர மூட்டைச் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "சித்தி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. நாளைக்கு எல்லாத்தையும் ஒன்னாக் குடுக்கணுமாம்" என்றேன். கூசாமல் சொன்னேன். ஜனங்களுக்கு நிம்மதி. கங்காணித் தாத்தா மட்டும் மாட்டுப் புத்தகத்தை ஒருமுறை தடவிக் கொடுத்து அனுப்பினார். சித்தியின் இலக்கணப் புத்தகங்களையும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டேன். கோயிலுக்குப் பின்னால் வாகனங்கள் வைக்கிற கொட்டகையின் கதவு வெறும் கம்பியால்தான் கட்டியிருக்கும். உள்ளே முருகனின் மர மயில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே சாக்கைத் தள்ளி, அடைகாத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை கோயில் முன்னால் கல்யாணக் களை. அம்மாவும் அத்தையும் மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டியிருந்தார்கள். தோட்ட நிர்வாகியான துரை வரவில்லை, நாற்காலி அனுப்பியிருந்தார். சித்தி தீபாவளிக்கு எடுத்த நீலச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, பேர் எழுதிய தாளோடு மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். காலையில் தன் அலமாரி காலியாக இருந்ததைப் பார்த்து, அம்மா கோயிலுக்கு எடுத்துவைத்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறாள். அந்தப் புவான் மூக்குக்கண்ணாடி போட்ட, சிரித்த முகம். எங்கள் தேநீரைக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். எங்கள் தோட்டத்திலேயே விளைந்ததைக் கொடுத்துவிட்டு, எல்லாரும் தாங்களே கண்டுபிடித்ததுபோல் வெட்கப்பட்டார்கள்.

சித்தி முதல் பெயரைக் கூப்பிட்டாள். கங்காணித் தாத்தா வெறுங்கையோடு வந்து நின்றார்.

"புஸ்தகம் எங்க தாத்தா?"

"ஒங்க வீட்டுப் பயதான் நேத்தே வாங்கிட்டுப் போயிட்டானே."

இரண்டாவது பெயர், மூன்றாவது பெயர். அதே பதில். அத்தை, "நீதானம்மா அனுப்பிச்ச?" என்றாள். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் மீயை மென்றுகொண்டிருந்தேன்.

"டேய், எங்கடா?"

"பத்திரமா இருக்கு சித்தி."

"எங்க இருக்கு? போயி எடுத்துட்டு வா, ஓடு!"

நான் கண்ணடித்தேன். எல்லாம் உனக்காகத்தான், பேசாமல் இரு என்கிற மாதிரி. அப்பா எழுந்ததும் ஓடு என்று சொன்ன சொல்லை மட்டும் நிறைவேற்றினேன். நேராகத் தேயிலைச் சரிவில் ஏறி, நிரைக்கு நடுவில் படுத்துக்கொண்டேன். தேயிலைச் செடி பெரியவர்களுக்கு இடுப்பளவு; பத்து வயதுப் பையனை முழுசாக விழுங்கிவிடும். கீழே என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்பா தோலை உரிப்பேன் என்றார். பிறகு ஐஸ்கிரீம் வாங்கித் தருவேன் என்றார். பிறகு மறுபடியும் தோல். சித்தியின் குரலும் கேட்டது. அவள் எதையும் உரிப்பதாகச் சொல்லவில்லை. வாடா, வாடா என்று மட்டும் கூப்பிட்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். தியாகம் என்றால் அப்படித்தானே.

பனி இறங்க ஆரம்பித்ததும், இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று லோரி கிளம்பிவிட்டது. அதன் பின்விளக்கு வளைவில் மறைந்த பிறகு, மாலை போடுவார்கள் என்ற எதிர்பார்ப்போடு நான் கீழே வந்தேன்.

அப்பா பிரம்போடு நின்றார். சித்தி குறுக்கே கையை நீட்டி, "ஏன்டா?" என்றாள். நான் நெஞ்சை நிமிர்த்திப் பூலாங் தத்துவத்தை முழுவதுமாக விளக்கினேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் கங்காணித் தாத்தா சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவின் பிரம்புகூடக் கொஞ்சம் தாழ்ந்தது. சித்தி கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"லோரி இல்லடா," என்றாள் மெதுவாக. "புஸ்தகம். புஸ்தகத்தத் திருப்பிக் குடுக்கற தேதி அது."

நான் அதை நம்பவில்லை. மலாய் மொழியில் தேறாதவள்தானே, அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். இதைத்தான் என் வாழ்க்கையில் நான் நினைத்தவற்றிலேயே மிகவும் அசிங்கமான நினைப்பாக வைத்திருக்கிறேன். அதற்குப் போட்டி இல்லாமல் இல்லை.

நம்பாததால் இன்னொரு வேலையும் செய்தேன். கொட்டகையிலிருந்து சாக்கை எடுத்துக் கொடுக்கும்போது ஒரே ஒரு புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். ஒட்டகங்களைப் பற்றிய மெல்லிய படப் புத்தகம். கம்பளி போர்த்திக்கொண்டு வளர்ந்த எனக்கு ஒட்டகத்தால் ஒரு பயனும் இல்லை. அது மேலாக இருந்தது, அவ்வளவுதான். ஒரு முத்திரையாவது லயத்தில் இருக்கட்டும்.

மறுநாள் சித்தி வேலைக்குப் போகவில்லை. ஒருநாள் பேர், அதாவது ஒருநாள் கூலி, போனால் போகிறது என்று, இரண்டு கோசுக் கூடைகளில் புத்தகங்களை அடுக்கிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு தானா ராத்தாவுக்குப் போனாள். வெள்ளிக்கிழமைகளில் லோரி அங்கே நிற்கும். பாக்சிக் வாங்கிக்கொண்டார். ஆனால் எங்கள் தோட்டத்தைப் பற்றிப் புவான் எழுதிய தாள் புவானுடனேயே குவாந்தானுக்குப் போய்விட்டதாம். ஒரு புத்தகம் தொலைந்துவிட்டது, தப்பு என்னுடையது என்று சித்தி மலாயில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். இந்தக் கடிதச் செய்தி வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் கவனித்ததெல்லாம், அவள் காலிக் கூடைகளோடு பேருந்திலிருந்து இறங்கியதை மட்டும்தான்.

இரண்டு வாரம் கழித்து, வழக்கமாக வர வேண்டிய வியாழக்கிழமையில், லோரி வரவில்லை. பரவாயில்லை, ஏதோ பழுது என்று நினைத்தேன். அடுத்த முறையும் வரவில்லை. நான் விடவில்லை. ஒட்டகப் புத்தகத்தைப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டு, சாலை ஓரத்தில் மழைக்கு ஒதுங்கும் கொட்டகையில் போய் உட்காருவேன். வேலை விட்டதும் சித்தி வருவாள். கைகளில் தேயிலைத் தூள் மணக்கும். எதற்கு உட்கார்ந்திருக்கிறாய் என்று அவள் கேட்க மாட்டாள். நான் சொல்லவும் மாட்டேன். பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தேய்ந்துபோன ஓர் அகராதியைப் புரட்டுவாள்.

பனிக்குள் லோரியைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் பார்க்க வேண்டும். தூரத்தில் ஓர் இஞ்சின் முனகினால் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். வருவது அப்பாவின் கொழுந்து லோரியாக இருக்கும். இல்லையென்றால் லெம்பா பெர்த்தாமிலிருந்து கோசு ஏற்றி வரும் லோரி, வழி தவறிய சுற்றுலாக்காரர்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு முன்னால் சித்தியின் கழுத்துத்தான் திரும்பும். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர்களுக்குக் காது கூர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

எத்தனை வியாழக்கிழமைகள் என்று நினைவில்லை. ஒரு வியாழனன்று பையன்கள் பந்து விளையாடக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். அதற்கடுத்த முறையும் போய்விட்டேன். அந்த வியாழக்கிழமைகளில் சித்தி அங்கே வந்து உட்கார்ந்தாளா என்று நான் கேட்டதே இல்லை. அவ்வாண்டுத் தேர்விலும் அவள் தேறவில்லை. அதற்கடுத்த ஆண்டு தேறினாள். இப்போது ஈப்போவில் ஒரு பாலர் பள்ளியில் டீச்சர். அவளிடம் படிக்கிற வாண்டுகள் எல்லாம் பூலாங்குக்குச் சரியான அர்த்தம் சொல்லும் என்று நம்புகிறேன்.

இப்போது ஏன் இதெல்லாம் என்றால், நடமாடும் நூலகத்தை மறுபடியும் எங்கள் தோட்டத்துப் பக்கம் வரச் சொல்லிக் கேட்கலாம் என்று நாங்கள் சிலர் கிளம்பியிருக்கிறோம். லயங்களில் பாதிக்கு மேல் இப்போது நேப்பாளத்து, வங்காளதேசத்துத் தம்பிகள். அவர்களிடமும் கையெழுத்துக் கேட்கிறேன். எங்க பாஷையில் புத்தகம் இருக்குமா என்கிறார்கள். நீங்களும் போட்டால்தானே கேட்க முடியும் என்கிறேன். நம்மவர்கள், அதான் போன்லயே எல்லாம் இருக்கேலா என்கிறார்கள். போனில் எல்லாம் இருக்கிறதுதான். ஆனால் அது மலையேறி வந்து வாசலில் நின்று, காலைத் துடைத்துவிட்டு உள்ளே வா என்று யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. யாரும் கேட்காவிட்டால் எந்த லோரியும் தானாக வராது. கேட்டு வாங்கிய பிறகும் பயன்படுத்தாவிட்டால் நிற்காது. இதைச் சொல்வதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் யார்?

போன வாரம் சித்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். பேச்சு எங்கெங்கோ போய் அந்தக் கோசுக் கூடைகளுக்கு வந்தது.

"அன்னைக்கு எண்ணிப் பாத்துத்தான கொண்டு போனீங்க சித்தி?"

"ஆமா. ஒட்டகம் கொறைஞ்சிச்சு."

"எங்கிட்டதான் இருக்குன்னு தெரியுமா?"

"பையத் தொறந்தா தெரியாதா?"

"லோரி வராதுன்னும் ஒங்களுக்குத் தெரியும். அப்புறம் ஏன் அத எங்கிட்டருந்து வாங்கல?"

அந்தப் பக்கத்தில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. யாரையோ அதட்டிவிட்டு வந்தாள்.

"ஒருவேள வந்துட்டா?"